இடி விழுந்ததாம்: நின்ற கட்டடம் கேட்கும் கேள்வி



மறைந்த தோழர் ஒருவரின் பெயரால் ஆண்டுதோறும் இங்கே கூடுகிறோம். நினைவுப் பொழிவு எதுவும் வாய்க்காத 61 பேரை நினைத்துக்கொண்டு இந்த ஆண்டு உரையைத் தொடங்குகிறோம்.

2014 ஜூன் 28, சனிக்கிழமை. கட்டட வேலையில் சனிக்கிழமை என்றால் வாரக்கூலி நாள். அன்று மாலை மழை பெய்தபோது, சென்னை போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் வேலை நடந்துகொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது. ஆந்திரத்தின் விஜயநகரம், ஸ்ரீகாகுளம் பகுதிகளிலிருந்தும் தமிழ்நாட்டின் பல ஊர்களிலிருந்தும் பிழைக்க வந்த கொத்தனார்களும் சித்தாட்களும் உள்ளே சிக்கினார்கள். 61 பேர் இறந்தார்கள். 27 பேர் உயிரோடு மீட்கப்பட்டார்கள். கட்டியவர்கள் தரப்பில் உடனே ஒரு காரணம் சொல்லப்பட்டது: இடி விழுந்ததாம்.

அதே வளாகத்தில் அதேபோன்ற இன்னொரு 11 மாடிக் கட்டடம் நின்றுகொண்டிருந்தது. அதன்மேலும் அதே மழைதான் பெய்தது. பிறகு ஏன் ஒன்று மட்டும் விழுந்தது? இதைக் கேட்கப் பொறியியல் பட்டம் தேவையில்லை. கம்பி கட்டியவருக்கும் ஜல்லி சுமந்தவருக்கும் இந்தக் கேள்வி தானாகவே வரும்.

ஓய்வுபெற்ற நீதிபதி ரகுபதி தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. கட்டமைப்பு வடிவமைப்பில் குறை இருந்ததை அதன் அறிக்கை சொன்னது. அந்த அறிக்கை 2015 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. நின்ற கட்டடமும் பாதுகாப்பற்றது என்று முடிவாகி, 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. குற்றம் வானத்தில் இல்லை, வரைபடத்திலும் அடித்தளத்திலும் பில்லரிலும் இருந்தது.

பாங்காக்கிலும் இதையே பார்த்தோம். 2025 மார்ச் 28 அன்று மியான்மரில் 7.7 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டது. சுமார் 1,000 கிலோமீட்டர் தள்ளியிருந்த பாங்காக்கில், தாய்லாந்து அரசின் தணிக்கை அலுவலகத்துக்காகக் கட்டப்பட்ட உயர்ந்த கட்டடம் சில நொடிகளில் மண்ணோடு மண்ணானது. நிலம் நடுங்கியது உண்மை. ஆனால் வானளாவிய கட்டடங்கள் நிறைந்த அந்த நகரத்தில் முழுதாகச் சரிந்தது அது ஒன்றுதான். மக்கள் அங்கேயும் பக்கத்துக் கட்டடத்தைக் காட்டித்தான் கேட்டார்கள். இடிபாடுகளில் எடுத்த கம்பிகளில் சில தரம் குறைந்தவை என்று சோதனையில் தெரிந்தது. மே மாதம் 17 பேருக்குப் பிடியாணை பிறந்தது. இடிபாட்டில் புதைந்தவர்களில் மியான்மரிலிருந்து கூலிக்கு வந்தவர்களும் இருந்தார்கள்.

ஐயப்படுவது நமது உரிமை. அதற்கு ஒரு ஒழுக்கமும் வேண்டும். 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில், விமானம் எதுவும் மோதாத 47 மாடிக் கட்டடம் ஒன்றும் மாலை 5.20 மணிக்கு விழுந்தது. உலக வர்த்தக மையத்தின் ஏழாம் கட்டடம் அது. அணைக்க ஆளில்லாமல் பல மணி நேரம் எரிந்த தீயில் உத்தரங்கள் விரிவடைந்து, 79ஆம் எண் தூண் ஆதரவிழந்ததே காரணம் என்று அமெரிக்க அரசின் தரநிலை நிறுவனம் சொல்ல ஏழு ஆண்டுகள் ஆயின. அதன் வரைவறிக்கையைப் படித்த பள்ளி இயற்பியல் ஆசிரியர் ஒருவர், கட்டடம் சிறிது நேரம் தடையே இல்லாமல் விழுந்ததே என்று காணொளியை அளந்து கேட்டார். 2008 நவம்பரில் வந்த இறுதி அறிக்கை, சுமார் 2.25 நொடிகள் அப்படித்தான் விழுந்தது என்று ஒப்புக்கொண்டது. ஆனால் தீதான் காரணம் என்ற முடிவு மாறவில்லை. உள்ளே வெடி வைத்தார்கள் என்ற பேச்சு இன்றும் ஓயவில்லை. அளந்து கேட்ட கேள்வி அறிக்கையைத் திருத்தியது. முடிவை முதலில் எடுத்துக்கொண்டு சான்றைப் பிறகு தேடும் பேச்சு எதையும் திருத்தாது. ஐயம் கொண்ட காலாமர்களிடம், நீங்கள் ஐயப்படுவது சரியே, ஆராய்ந்து தெளியுங்கள் என்றுதான் புத்தரும் சொன்னார்.

இனி நம் ஊருக்கு வருவோம். 2019 டிசம்பர் 2, மேட்டுப்பாளையம் நடூர். விடியும் முன்னே, சுமார் 20 அடி உயரச் சுவர் நம் மக்களின் வீடுகள்மேல் விழுந்து 17 பேர் இறந்தார்கள். அரசுத் தரப்பு மழையைக் காரணம் சொன்னது. அது தீண்டாமைச் சுவர், ஆபத்தானது என்று முன்பே சொல்லியிருந்தோம் என்றார்கள் அங்கே வாழ்ந்தவர்கள். நீதி கேட்டுத் திரண்டவர்களுக்குக் கிடைத்தது தடியடியும் சிறையும். இடி, நிலநடுக்கம், மழை. இவற்றைக் கூண்டில் ஏற்ற முடியாது. அதனால்தான் இவை முதலில் குற்றவாளிகளாகின்றன. நம் பிறப்புக்கு விதியைக் காரணம் சொன்னவர்களே நம் சாவுக்கு வானத்தைக் காரணம் சொல்கிறார்கள்.

மாணவத் தோழர்களிடம் ஒரு வேண்டுகோள். நாளை எங்காவது ஒரு கட்டடம் விழுந்தால், காரணம் இன்னதென்று முதல் நாளே எழுதிவிடாதீர்கள். மண் பரிசோதனை அறிக்கை எங்கே, வரைபடத்தில் கையெழுத்திட்டவர் யார், 28ஆம் நாள் கான்கிரீட் சோதனை நடந்ததா, அனுமதி தந்த அதிகாரி வந்து பார்த்தாரா, வேலை செய்தவர்களின் பெயர்கள் எந்தப் பதிவேட்டில் உள்ளன என்று கேளுங்கள். 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். பதில் வந்தால் படியுங்கள். நாம் நினைத்தது தவறென்று தெரிந்தால் மாற்றிக்கொள்வோம். பதிலே வராவிட்டால் மறுபடியும் கேட்போம்.

பிழைத்து வந்த சித்தாளிடம் முதலில் போய் உட்காருங்கள். எந்தத் தூணில் விரிசல் கண்டது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். விசாரணைக் கோப்பில் அவருடைய வாக்குமூலமும் ஏறும்வரை அந்த அறிக்கை முடிந்ததாக நாம் ஏற்கப்போவதில்லை.

ஜெய் பீம்.