சிறுவர் விழாவுக்கு ஒரு குவளைச் சாறு

(பொன்முடிச் சிறுவர் விழாவை ஒட்டிச் சங்கத்தின் மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பழச்சாறு பிழிவதைப் பற்றிப் பேச ஒரு மேடையும் ஒலிபெருக்கியும் வேண்டுமா என்று நான் புறப்படும்போது என் மகன் கேட்டான். பொன்முடியில் நாம் நடத்திய இரண்டு சிறுவர் விழாக்களிலும் என்னோடு அடுப்பருகே நின்ற சகோதரிகள் அவ்வாறு கேட்கமாட்டார்கள். முதல் விழாவில் நான் செய்த பிழைகளையும், இரண்டாம் விழாவில் அவற்றைத் திருத்திக்கொண்ட வகையையும் மறைக்காமல் சொல்லவேண்டும் என்பது செயலாளர் அவர்களின் கட்டளை. மறைக்காமலே சொல்கிறேன்.

பொன்முடியை அறியாதவர் நம்மில் இலர். நெடுமங்காடும் விதுராவும் கடந்து, கல்லாற்றங்கரையை விட்டு ஏறத் தொடங்கினால் இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள். உச்சி ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரம். அங்குள்ள தேயிலைத் தோட்டத்து லயங்களில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பாட்டன் காலத்தில் வந்த தமிழ்க் குடும்பங்கள் சில இன்றும் இருக்கின்றன. நம் பிள்ளைகளும் அவர்கள் பிள்ளைகளும் கோடை விடுமுறையில் ஒருநாள் கூடி ஆடவேண்டும் என்பதே அவ்விழாவின் நோக்கம்.

முதல் பிழை கல்லாற்றிலேயே நேர்ந்தது. வெயிலில் வந்த பிள்ளைகள் களைத்திருப்பார்களே என்று, மலை ஏறுமுன் ஆளுக்கொரு பெரிய குவளை மாம்பழச்சாறு கொடுத்தேன். வெல்லப்பாகு போன்ற சாறு. பத்தாவது வளைவில் வண்டியை நிறுத்தவேண்டியதாயிற்று; அதற்குமேல் விவரிக்கத் தேவையில்லை. மலைப்பாதையில் வயிற்றை இனிப்பால் நிரப்புவது தகாது. இரண்டு வாய் வெறுந்தண்ணீரும் சன்னலோரக் காற்றுமே போதும்.

இரண்டாம் பிழை அன்னாசி. அதைப் பாலோடு சேர்த்து மிக்சியில் அடித்து, முன்னாள் இரவே பாத்திரத்தில் நிரப்பி எடுத்துப் போயிருந்தேன். மேலே போய்த் திறந்தால் பால் திரிந்து, வாயில் வைக்க முடியாத கசப்பு! பச்சை அன்னாசியில் புரதத்தைச் சிதைக்கும் ஒரு நொதி உண்டு. அதுவே பாலைக் கசக்கச் செய்கிறது. மிகுதியாகத் தின்றால் நாவை அரிப்பதும் அதுவே. பப்பாளியிலும் இத்தகைய நொதி இருக்கிறது. அன்னாசித் துண்டுகளைச் சிறிது நேரம் கொதிக்கவைத்து ஆறவிட்டால் அதன் வேகம் அடங்கிவிடும். இதை அறிய எனக்கு ஐம்பது வயதும் எட்டு லிட்டர் பாலும் செலவாயின.

இவை இரண்டும் சிரித்துவிட்டு மறக்கத்தக்கவை. மூன்றாவது அத்தகையதன்று.

பால் கெட்டதும், லயத்துக் கடையிலிருந்து குப்பியில் அடைத்த பழப்பானம் வாங்கிவந்து ஊற்றினோம். எல்லாப் பிள்ளைகளும் கை நீட்டின. ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியை மட்டும் அவள் தாய் தோளைப் பற்றிப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். “அவளுக்கு வேண்டாம் அம்மா” என்றாள். நான் அறியாமல், “விழா நாளில் ஒரு குவளை குடித்தால் என்ன?” என்று வற்புறுத்தினேன். அக்குழந்தைக்கு முதல் வகை நீரிழிவு என்பதைத் தாய் பிறகு தனியே அழைத்துச் சொன்னாள். நம்மோடு வந்த ஒரு மாது, மிட்டாய் மிகுதியாகத் தின்றிருப்பாள் என்று முணுமுணுத்தது அத்தாயின் காதிலும் விழுந்திருக்கும்.

தாய்மார்களே, அது தவறான எண்ணம். உடலின் காவற்படையே தன் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழித்துவிடுவதால் வரும் நோய் அது. இனிப்புத் தின்றதால் வந்ததன்று. தாயின் வளர்ப்புக் குறையுமன்று. இந்நோயுற்ற பிள்ளைகளுக்காகக் கேரள அரசு நடத்தும் திட்டத்துக்கு ‘மிட்டாயி’ என்றே பெயர். பெயரிட்டவர் யாரோ, குழந்தைகளின் மனத்தை அறிந்தவர். அப்பிள்ளைகளுக்கு இனிப்பே விலக்கு என்பதும் இல்லை. மருத்துவர் சொன்ன கணக்கில் இன்சுலினோடு பொருத்தி உண்ணலாம். ஆனால் எவ்வளவு சர்க்கரை என்றே தெரியாத ஒரு திரவத்தை, நம்மைப் போன்றோர் வற்புறுத்தி ஊற்றும்போது, அத்தாய் எப்படிக் கணக்கிடுவாள்?

அன்று அக்குழந்தை வெறுங்குவளையைக் கையில் வைத்துக்கொண்டு மற்றவர்கள் குடிப்பதைப் பார்த்தபடி இருந்தாள். அடுத்த ஆண்டு விழாவுக்கு என்ன சாறு என்று யோசித்தபோதெல்லாம் அந்தக் குவளையே நினைவுக்கு வந்தது. அவளும் குடிக்கக்கூடிய ஒன்று வேண்டும். அதுவும் அவளுக்கென்று தனியாகச் செய்ததாக இராமல், எல்லாப் பிள்ளைகளும் விரும்பிக் கேட்பதாக இருக்கவேண்டும்.

வீட்டில் பிழிந்த சாறு என்றாலே உடலுக்கு நலம் என்று நாம் நம்புகிறோம். நானும் நம்பியவளே. ஆனால் பழத்தைப் பிழிந்து நாரை நீக்கிய மாத்திரத்தில், சாற்றிலுள்ள சர்க்கரையைத் தனிச்சர்க்கரையாகவே உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட நெறிமுறையில் கணக்கிட்டிருக்கிறது. இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் 2019-இல் இன்னும் தெளிவாகச் சொல்லிற்று: இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பழச்சாறு வேண்டாம், ஐந்து வயது வரை நாளொன்றுக்கு 125 மில்லி லிட்டர், அதற்கு மேற்பட்டவர்களுக்கு 250 மில்லி லிட்டர். அதுவும் உச்ச வரம்பு. முழுப் பழமே மேல். கடைக்குப்பியின் மீதுள்ள எழுத்தையும் ஊன்றிப் படிக்கவேண்டும். பத்தில் ஒரு பங்கு சாறு இருந்தாலே ‘பழப்பானம்’ என விற்கச் சட்டம் இடந்தருகிறது. செறிவாக்கிய சாற்றில் நீர் சேர்த்து விற்போர் ‘நூறு விழுக்காடு பழச்சாறு’ என்று அச்சிடுவதை நீக்கவேண்டும் என 2024 ஜூனில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது.

இனி இரண்டாம் விழாவில் செய்த முறை. பிள்ளைகள் அறுபதின்மர். கொடைக்கானல் பக்கத்தார் தாட்பூட் பழம் என்றும் இங்குள்ளோர் பேஷன் பழம் என்றும் சொல்வார்களே, அதில் ஆறு கிலோ நெடுமங்காட்டுச் சந்தையில் வாங்கினோம். (ஒடுக்கப்பட்ட மக்களும் அச்சந்தையில் நுழையும் உரிமைக்காக 1912-இல் அய்யன்காளி போராடியதை அங்கே பை சுமந்துகொண்டே பிள்ளைகளுக்குச் சொன்னேன்.) பழத்தை வாங்கும்போது வௌவாலோ பறவையோ கொத்திய வடு இருந்தால் தயங்காமல் ஒதுக்குங்கள். 2018 முதல் கேரளத்தில் நிப்பா நோய் பலமுறை தலைகாட்டியிருக்கிறது. மரத்தடியில் விழுந்து கிடப்பதையும் எடுக்கவேண்டாம். கழுவி, துடைத்து, குறுக்கே வெட்டி, உள்ளிருப்பதைக் கரண்டியால் வழித்து, கையால் பிசைந்து வடிகட்டவேண்டும். மிக்சியில் ஓட்டினால் விதை உடைந்து கசக்கும். எங்களுக்கு இரண்டு லிட்டர் சாறு கிடைத்தது. அதனோடு ஐந்து லிட்டர் நீர், 350 கிராம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு.

கணக்கிட்டுப் பார்த்தேன். குவளைக்கு நாம் சேர்த்த சர்க்கரை ஆறு கிராம். பழத்திலேயே உள்ளது நான்கு கிராமுக்குச் சற்று மேல். ஆகப் பத்துக் கிராமுக்கு மேல். அதே அளவு கோலாப் பானத்தில் பதின்மூன்று கிராம் இருக்கும். வேறுபாடு நாம் பெருமை பேசும் அளவுக்கு இல்லை! சாயமும் வாயுவும் இல்லை, பழத்தின் மணமும் சத்தும் இருக்கின்றன என்பது உண்மை. ஆயினும் நன்மையில் பாதி, குவளையைச் சிறிதாக்கியதில்தான் இருக்கிறது. மறுமுறை கேட்டவர்களுக்குச் சாற்றுக்குப் பதில் கொய்யாத் துண்டும் மாம்பழத் துண்டும் கொடுத்தோம். சர்க்கரை உண்டால் பிள்ளைகள் துள்ளுவார்கள் என்று சொல்வதுண்டு. ஆராய்ந்தவர்கள் அதற்குச் சான்று காணவில்லை. விழா என்றாலே துள்ளத்தானே செய்வார்கள்?

நீரைப் பற்றி ஒரு வார்த்தை. 2024-இல் எறணாகுளம் மாவட்டத்து வேங்ஙூர் ஊராட்சியில் குடிநீர் வழியாக மஞ்சட்காமாலை பரவி இருநூற்றுக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். பழம் எவ்வளவு தூய்மையாக இருந்தென்ன, அதில் கலக்கும் நீரும் பனிக்கட்டியும் கெட்டிருந்தால்? ஆதலின் நீரைத் தளதளவெனக் கொதிக்கவைத்து மூடி ஆறவைத்தோம். பொன்முடி உயரத்தில் நீர் தொண்ணூற்றாறு பாகையிலேயே கொதித்துவிடும். கிருமியைக் கொல்ல அது போதும். பனிக்கட்டி தேவைப்படவே இல்லை. மலைக்காற்றே குளிர். புளிப்புச் சாற்றை ஈயம் பூசாத பித்தளையிலோ செம்பிலோ வைக்காதீர்கள், எவர்சில்வர் நன்று. குவளைகளையும் வீட்டிலிருந்தே கொண்டுசென்றோம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2020 முதல் இம்மாநிலத்தில் தடை இருப்பதைச் சிலர் மறந்துவிடுகிறார்கள்.

இப்போது அச்சிறுமியின் குவளைக்கு வருகிறேன். வழி காட்டியவர் லயத்து மூதாட்டி ஒருவர். இவ்வூர் வீடுகளில் பதிமுகச் சிராய் போட்டுக் கொதிக்கவைத்த இளஞ்சிவப்பு நீரைக் குடிப்பதை நீங்கள் அறிவீர்கள். “அதில் எலுமிச்சை பிழிந்து பாரம்மா” என்றார் பாட்டி. பிழிந்தேன். சிவப்பு கரைந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொன்மஞ்சளாயிற்று! பதிமுகத்தின் சாயம் புளிப்புப் பட்டால் நிறம் மாறும் இயல்புடையது. உப்பும் சிறிது இஞ்சிச்சாறும் சேர்த்தால் குடிக்க இதமாக இருக்கிறது. சர்க்கரை சேர்ப்பதே இல்லை. எலுமிச்சையில் இயல்பாக உள்ளது மிகச் சிறிது.

விழாவன்று பெரிய கண்ணாடிச் சாடியில் சிவப்பு நீரை வைத்து, எலுமிச்சை மூடியை அச்சிறுமியின் கையில் கொடுத்தோம். அவள் பிழிந்தாள், நிறம் மாறிற்று, அறுபது பிள்ளைகளும் கூவினார்கள். தங்கள் குவளையிலும் அவளே பிழியவேண்டும் என்று வரிசையில் நின்றார்கள். பேஷன் பழச்சாறு மிஞ்சியது; எலுமிச்சை தீர்ந்துபோயிற்று. அவளும் இரண்டு குவளை குடித்தாள்.

இன்னொன்று. அன்று காலை அத்தாய் என்னிடம் ஒரு சிறு குப்பி கேட்டாள். நன்றாகச் சர்க்கரையிட்ட பழச்சாற்றை அதில் நிரப்பி இடுப்பில் செருகிக்கொண்டாள். இன்சுலின் போட்ட குழந்தை ஓடியாடினால் இரத்தத்தில் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்துவிடக்கூடும். நடுக்கமும் வியர்வையும் மயக்கமும் வரும். அப்போது மருத்துவர் சொன்ன அளவு இனிப்புச் சாற்றை உடனே புகட்டவேண்டும். மருத்துவமனையோ இருபத்திரண்டு வளைவுகளுக்குக் கீழே. மாலையில் பந்தாட்டத்தின் நடுவே அக்குழந்தை வந்து தாயின் மடியில் சாய்ந்தாள். கை நடுங்கிற்று. தாய் பதறவில்லை, விரல்நுனியில் குத்திப் பார்த்துவிட்டுக் குப்பியைத் திறந்தாள். கால் மணி நேரத்தில் மறுபடி குத்திப் பார்த்தாள். பிறகு ஒரு துண்டு ரொட்டி கொடுத்து, “போய் விளையாடு” என்றாள்.

அடுத்த கோடையிலும் பொன்முடி செல்வதாகச் சங்கம் முடிவு செய்திருக்கிறது. எலுமிச்சை நூறாவது வேண்டும்; பதிமுகச் சிராய் லயத்துப் பாட்டியே தருவதாகச் சொல்லியிருக்கிறார். உடன்வர விரும்பும் சகோதரிகள் தங்கள் பிள்ளைகளுக்கு உணவில் ஆகாதது ஏதேனும் இருந்தால், பெயர் கொடுக்கும்போதே என்னிடம் எழுதிக் கொடுத்துவிடும்படி வேண்டிக்கொள்கிறேன்.