பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்



இந்தத் தலைப்பைச் சொன்னதும் ஓமலூர் நண்பர் ஒருவர் போன் போட்டார். "ஏங்க, பேச வேற விஷயமே கிடைக்கலீங்களா? மரவள்ளி விலையப் பத்திப் பேசுங்க, கூட்டம் சேரும்" என்றார். பேசலாம், எத்தனை மேடை வேண்டுமானாலும் ஏறிப் பேசலாம். ஆனால் மரவள்ளி விலை இறங்கிப்போச்சென்று எந்த வீட்டிலும் பெற்ற பிள்ளையை அறையில் போட்டுப் பூட்டுவதில்லை. நான் பேச வந்தது பூட்டப்படும் பிள்ளைகளைப் பற்றி.

பிளஸ் டூ படிக்கிற ஒரு பெண். பல நாள் மென்று விழுங்கிவிட்டு, ஒருநாள் ராத்திரி அடுப்படியில் அம்மாவிடம் சொல்கிறாள்: "எனக்குப் பசங்க மேலயும் ஆசை வருதும்மா, பொண்ணுங்க மேலயும் வருது." இதற்கு இருபாலீர்ப்பு என்று பெயர். அந்த வீட்டில் முதலில் எழும் கேள்வி என்ன தெரியுமா? "சாப்பிட்டியா", "பயமா இருக்கா" எதுவும் இல்லை. "வெளிய யாருக்காச்சும் தெரியுமா?" அதுதான் முதல் கேள்வி. அரைமணி நேரத்தில் தாய்மாமன் பைக்கில் வந்து இறங்குவார். போனைப் பிடுங்குவார்கள். மறுநாள் மந்திரிப்பு, கையில் கயிறு, அடுத்த வாரம் "நல்ல டாக்டர்" ஒருத்தர்.

அதற்கப்புறம் நடப்பதுதான் நான் சொல்ல வந்தது. அம்மாவுக்குத் திடீரென்று முகம் தெளியும். "பசங்களையும் பிடிக்கும்னுதானே சொன்ன? அப்புறமென்ன? கல்யாணம் ஆனா மத்ததெல்லாம் தானா சரியாயிடும்." சொத்தைக் கத்தரிக்காயில் பாதியை அரிந்து வீசிவிட்டு மிச்சத்தைக் குழம்பில் போடுகிற மாதிரி, பிள்ளை சொன்னதில் தனக்கு வசதியான பாதியை மட்டும் அந்தக் குடும்பம் எடுத்துக்கொள்கிறது. இருபாலீர்ப்புள்ள பிள்ளைகளுக்கென்றே வாய்த்த கொடுமை இது. "உனக்குத்தான் வழி இருக்கே, ஏன் அடம்பிடிக்கிற?" என்கிறார்கள். அவள் நாளைக்கு ஓர் ஆணை விரும்பி மணக்கலாம், மணக்காமலும் போகலாம். அது அவளுக்கு வயது வந்தபின் அவளே முடிவு செய்ய வேண்டியது. நீங்கள் பதினெட்டு முடிந்த கையோடு ஜாதகத்தைத் தூக்கினால், மணவறையில் உட்கார வைக்கும் இன்னொரு வீட்டுப் பையனுக்கும் சேர்த்தல்லவா பாவம் செய்கிறீர்கள்? அவன் என்ன மருந்தா?

பக்கத்துக் கேரளத்தில் அஞ்சனா ஹரீஷ் என்று ஒரு கல்லூரி மாணவி. இருபாலீர்ப்புள்ளவள் என்று தன்னை வெளிப்படையாகச் சொன்னவள். வீட்டார் தன்னைப் பிடித்துவைத்து, "குணப்படுத்த" என்று சிகிச்சை கொடுத்ததை 2020 மார்ச்சில் முகநூலில் நேரலையாகப் பேசினாள். மே மாதம் கோவாவில் உயிரை விட்டாள். வயது 21. அவள் சொன்னது நோயே இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே ஒருபாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம், ஈர்ப்பை மாற்றுகிறேன் என்று சிகிச்சை கொடுப்பது தொழில்முறைக் குற்றம் என்று அறிவித்துவிட்டது. "நல்ல டாக்டர்" என்று யாராவது கைகாட்டினால், பதிவு எண்ணைக் கேளுங்கள்.

குடும்ப மானம் என்பார்கள். இந்த ஓமலூர் மண்ணில் நின்றுகொண்டு அந்தச் சொல்லை என்னிடம் சொல்லாதீர்கள். இந்த ஊரைச் சேர்ந்த, பொறியியல் படித்த கோகுல்ராஜ், 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில், கூடப் படித்த பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தான். அங்கிருந்து கடத்திப் போனார்கள். மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் தண்டவாளத்தில் உடல் கிடந்தது. பட்டியல் சாதிப் பையன், வேறு சாதிப் பெண். அவ்வளவுதான் குற்றம். பாதி ஆண், பாதி பெண்ணாக நிற்கிற சாமியின் வாசலில் அந்தக் கடத்தல் நடந்தது. அந்தச் சாமிக்கும் நான் பேசும் ஈர்ப்புக்கும் முடிச்சுப் போட மாட்டேன், அது வேறு, இது வேறு. ஆனால் யாரைப் பிடிக்கலாம், யாரைப் பிடிக்கக் கூடாது என்று ஊர் தீர்மானிக்கிற வரைக்கும் கோகுல்ராஜுக்கும் அடுப்படியில் நின்ற அந்தப் பெண்ணுக்கும் பகை ஒன்றுதான்.

இன்னொன்றும் கேளுங்கள். கோகுல்ராஜ் வழக்கின் மேல்முறையீட்டில், சம்பவ இடத்தையே நேரில் போய்ப் பார்த்துவிட்டு, 2023 ஜூனில் முதல் குற்றவாளி யுவராஜின் ஆயுள் தண்டனையை உறுதி செய்த இரு நீதிபதிகளில் ஒருவர் என். ஆனந்த் வெங்கடேஷ். அதே நீதிபதியின் முன்னால்தான் 2021-ல் மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள். ஒருவரையொருவர் விரும்பிச் சென்னைக்கு வந்துவிட்டார்கள், பெற்றோர் காணவில்லை என்று புகார் கொடுத்துவிட்டார்கள். நீதிபதி என்ன செய்தார்? தனக்கு இது முழுசாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, உளவியலாளர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். அப்புறம்தான் ஜூன் 7 அன்று உத்தரவு எழுதினார். உயர் நீதிமன்ற நீதிபதிக்கே கற்றுக்கொள்ளக் கூச்சமில்லை. நமக்கென்ன கிரீடமா கழன்றுவிடும்?

"பதினாறு வயசுல அதுங்களுக்கு என்னங்க தெரியும்?" என்று கேட்கிறீர்கள். உங்கள் பையன் பதினாறு வயதில் பக்கத்துத் தெருப் பெண் போகும் நேரம் பார்த்து வாசலில் நின்றால், "அதுக்குள்ள உனக்கு எப்படித் தெரிஞ்சுது" என்று கேட்டீர்களா? "வயசுக் கோளாறு" என்று சிரித்தீர்கள்.

நம் தோழர்களையும் விடப்போவதில்லை. துணையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஆணுக்கும் பெண்ணுக்கும் உண்டு என்று 1929-லேயே செங்கல்பட்டு மாநாட்டில் தீர்மானம் போட்ட சுயமரியாதை இயக்கத்தின் வாரிசுகள் நாம். பக்கத்துக் கருப்பூரில் பெரியார் பெயரில் பல்கலைக்கழகமே இருக்கிறது. மேடையில் நாலு மணி நேரம் சுயமரியாதை பேசிவிட்டு, வீட்டில் பிள்ளை இதைச் சொன்னதும் மாமனுக்குப் போன் போட்ட தோழர்களை எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன். முன்வரிசையில் சிலர் கீழே பார்க்கிறார்கள், போதும்.

பெற்றோருக்கு முன்மாதிரி வேண்டுமா? லீலா சேத். இந்தியாவில் ஓர் உயர் நீதிமன்றத்துக்குத் தலைமை நீதிபதியான முதல் பெண்மணி. மூத்த மகன் எழுத்தாளர் விக்ரம் சேத், இருபாலீர்ப்புள்ளவர். அந்த அம்மாவுக்கும் அது முதலில் எளிதாக இருக்கவில்லை, சுயசரிதையில் அதையும் எழுதினார். 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஒருபாலுறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவை மறுபடி நிலைநாட்டியபோது, என் மகன் இனி சட்டத்தின் கண்ணில் குற்றவாளி என்று பத்திரிகையில் பகிரங்கமாக எழுதி அந்தத் தீர்ப்பை எதிர்த்தார். 2018 செப்டம்பர் 6-ல் அந்தத் தடை நீங்கியபோது அவர் உயிரோடு இல்லை. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், வீட்டில் அடைத்து அடித்துச் சடங்கு செய்த குடும்பத்திடமிருந்து இருபத்தைந்து வயதுப் பெண்ணை விடுவித்தபோது, எல்லாப் பெற்றோரும் லீலா சேத் ஆகிவிடுவதில்லை என்று வருத்தப்பட்டது. திருமணம்தான் குடும்பத்துக்கு ஒரே வழி என்பதில்லை என்றும் சொன்னது.

தம்பி தங்கைகளே, உங்களுக்கும் ஒன்று. சொல்லித்தான் ஆகவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. வீட்டில் அடி விழும் என்று தெரிந்தால், படிப்பை முடித்துச் சொந்தக் காலில் நின்றபின் சொல்லுங்கள். அதைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்ல முடியாது. மனசு தாங்கவில்லையா, 14416-க்குப் பேசுங்கள். பதினெட்டு வயது ஆகாதவர்களை அடைத்து அடித்தால் 1098.

பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டங்களில் இதைப் பேசி, பெற்றோருக்குப் புரிய வைக்க வேண்டும் என்று அந்த 2021 உத்தரவிலேயே இருக்கிறது. உங்கள் பள்ளியில் பேசினார்களா? அடுத்த கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். அப்படி உத்தரவே இல்லை என்று யாராவது சொன்னால் காட்ட, நகல் எடுத்து வைத்திருக்கிறோம். மேடைக்குப் பின்பக்கம் மேசையில் இருக்கிறது, இலவசம். போகும்போது வாங்கிக்கொண்டு போங்கள்.