பத்து சதவிகிதம் பார்த்தால் போதுமா?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். அண்டா பெரிது என்பதற்காக எந்தச் சமையற்காரரும் பத்து சதவிகிதச் சோற்றை எடுத்து நசுக்கிப் பார்ப்பதில்லை. நான் தரப் பரிசோதகனாக இருந்த ஆலையிலோ, வரும் சரக்கில் பத்துக்கு ஒன்று எடுப்போம். அதில் ஒன்று பழுதானாலும் முழு லாட்டும் திரும்பிப் போகும். கேட்க நியாயமாகத்தான் இருக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு பேர் போல்ட் அனுப்புகிறார்கள். இருவர் சரக்கிலும் 4 சதவிகிதம் பழுது. ஒருவர் அனுப்பியது 50; அதில் 5 எடுக்கிறோம். நூற்றுக்கு 81 தடவை அது தேறிவிடும். மற்றவர் அனுப்பியது 1,000. அதில் 100 எடுக்கிறோம். அது தேறுவது நூற்றுக்கு ஒன்றிரண்டு தடவைதான். ஒரே தரம், ஒருவருக்குப் பணம், மற்றவருக்கு லாரியில் திரும்பிய சரக்கு!

முக்கியம் விகிதாசாரம் அல்ல. எத்தனை எடுக்கிறோம், எத்தனை பழுது வரை பொறுக்கிறோம் என்பதே. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டாட்ஜும் ரோமிக்கும் 1920-களில் இதற்கு வழி வகுத்தார்கள். நமது ஐ.எஸ். 2500 அட்டவணையில், சாதாரணப் பரிசோதனைக்கு, 1,000 உருப்படியில் 80 எடுத்தால் போதும், 10,000-க்கு 200. ஏ.க்யூ.எல். 1 சதவிகிதமானால், 80-ல் 2 வரை, 200-ல் 5 வரை பழுது இருக்கலாம். சரக்கு பத்து மடங்கு, மாதிரி இரண்டரை மடங்குதான்.

ஆனால் சோறு ஒரே உலையில் வெந்தது. இரண்டு ஷிப்டு சரக்கை ஒரே லாட்டாகக் கட்டி, மேல்பெட்டியில் மட்டும் கை வைத்தால், அட்டவணை என்ன செய்யும், பாவம்?