களிமண் முற்றமும் செயற்கைப் புற்றரையும்

புத்தளத்து உப்பளங்களில் உப்பு விளைவதற்கு வெயிலும் காற்றும் மட்டும் போதா. அடியிலே களிமண் இருத்தல் வேண்டும். பாத்தியிற் கட்டிய உப்புநீர் நிலத்துள் இறங்கிவிடாது கிடந்து வற்ற வேண்டுமன்றோ? அதற்காகவே பாத்தியின் தளத்தை நன்றாக இறுக்கிச் சமப்படுத்துவர். மணற்றரையில் இத்தொழில் நடவாது. ஆனால், உப்பளத்தாருக்குக் கைகொடுக்கும் அதே களிமண், அயலில் வீடு கட்டியிருப்போருக்கு மாரி காலத்திற் பகையாகிவிடுகின்றது. மழை ஓய்ந்து நாட்கள் சென்ற பின்னரும் முற்றத்தில் நீர் நிற்கும்.

களப்பின் மறுகரையிலுள்ள கற்பிட்டியில் இத்தொல்லை இல்லை. அது மணற்பாங்கான நிலம். பெய்த மழை அப்போதே மறைந்துவிடும். களிமண்ணின் துகள் 0.002 மில்லிமீற்றரிலும் சிறியது. அத்துகள்கள் நனைந்து பொருமியதும் இடைவெளிகள் அடைபட்டு, நீர் கீழிறங்க வழியில்லாது போகின்றது. கடலுப்பின் சோடியம் ஏறிய களியாயின் நிலைமை இன்னும் மோசமாகும். துகள்கள் ஒன்றையொன்று விலக்கிக் கரைந்து சேறாகும். காய்ந்தபின் ஓடுபோல இறுகும்.

சேறு அருவருப்பானது என்பதோடு காரியம் முடிந்துவிடுவதில்லை. வளவின் ஒரு மூலையிற் கிணறும் மறு மூலையில் மலகூடக் குழியும் இருக்கின்றன. நிலம் நீரால் நிறையும்போது குழியும் நிறைந்து வழியலாம். அக்கழிவு கிணற்றைச் சேரலாம். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பெருந்தொகையினர் புத்தளம் மாவட்டத்திலேயே தஞ்சம் புகுந்தனர். கிடைத்த காணியிற் கிடுகினால் குடிலமைத்தோர் மேடு பள்ளம் ஆராயும் நிலையிலா இருந்தார்கள்? பள்ளக்காணியில் வாழ்வோருக்கு நீர் வடிகாலென்பது உடல்நலத்தைப் பற்றிய கேள்வி.

இக்காலத்திற் சிலர் இதற்குச் செயற்கைப் புல்லை மருந்தாகக் கருதுகின்றனர். பச்சைக் கம்பளம்போன்ற பிளாஸ்டிக் விரிப்பைச் சேற்றின்மேல் விரித்துவிட்டால் முற்றம் சீராகிவிடும் என்பது அவர்கள் எண்ணம். இந்த விரிப்பின் பிறப்பை நேயர்கள் அறிந்துகொள்வது நன்று. அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் 1965 ஆம் ஆண்டு கூரையால் மூடிய பெரிய விளையாட்டரங்கொன்று திறக்கப்பட்டது. ஒளிபுகும் கூரையின் கூச்சத்தாற் பந்து கண்ணுக்குத் தெரியவில்லை என்று ஆட்டக்காரர் முறையிட, கூரைக்கு வர்ணம் பூசினர். வெயிலின்றி உள்ளேயிருந்த இயற்கைப் புல் பட்டுப்போயிற்று. 1966 இல் அதனிடத்தில் விரிக்கப்பட்டதே செயற்கைப் புல். மழையே விழாத இடத்திற் பெயர்பெற்ற பொருளிடம் வெள்ளத்துக்கு வைத்தியம் கேட்பது வேடிக்கைதான்!

வெளியில் விரிப்பதற்கான புல்லின் அடியில் இப்போது சிறு துளைகள் இடுகின்றனர் என்பது உண்மை. நீர் துளையால் இறங்கும். இறங்கிய பின்னர் எங்கே செல்லும்? கீழே அதே களி. நீர் விரிப்பின் அடியில் மறைந்து நின்று நாற்றமெடுக்கும்.

கணக்கொன்று பார்ப்போம். 10 பேர்ச் வளவில் 1 அங்குல மழை பெய்தால் விழும் நீர் ஏறக்குறைய 6,400 லீற்றர். 200 லீற்றர்ப் பீப்பாய்களில் நிரப்பினால் 32 பீப்பாய்கள். கீழே இறங்க இயலாத இந்நீர் பக்கவாட்டில் ஓடியே ஆகவேண்டும். ஆகையால் முதல் வேலை சாய்வு. 100 அடிக்கு 2 அடி என்ற கணக்கில், 20 அடி முற்றம் வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்புறமாக 5 அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும். கூரை நீரைப் பீலி வைத்துப் பிடித்து, முற்றத்தில் விழாது அப்பாற் கொண்டுபோக வேண்டும். இவ்விரண்டுமே பல வீடுகளுக்குப் போதும்.

போதாதெனில், தாழ்ந்த ஓரத்தில் ஓரடி அகலமும் ஒன்றரையடி ஆழமுமாகக் கான் வெட்டி, துணி விரித்து, துளையிட்ட குழாயை இட்டுச் சல்லிக்கல்லால் நிரப்பலாம். துணி இல்லையேற் களி கரைந்து வந்து சில மாரிகளிற் கல்லை அடைத்துவிடும். சேற்றின்மேல் நாலு கூடை மணல் கொட்டுவது பயனற்றது. களியும் சிறிது மணலும் கலந்தால் செங்கல்லுக்குக் குழைத்த மண்போலாகும். உரிமட்டையைப் புதைப்பதும் அவ்வாறே. தென்னந்தோட்டத்தார் மட்டையைப் புதைப்பது ஈரத்தைக் காப்பதற்காக. முற்றத்துக்கு வேண்டியது அதற்கு எதிர்மாறானது.

உவர்க்களிக்கு ஜிப்சம் இடுவதும் ஒரு முறை. அதிலுள்ள கல்சியம் சோடியத்தை விலக்கித் துகள்களை ஒன்றுசேர்க்கும். உப்பளத்தில் உப்பு படிவதற்கு முன்னரே பாத்திகளிற் படியும் பொருளும் இதுவே. ஆயினும் விலகிய சோடியத்தை மழைநீர் கழுவிச் செல்ல வழி வேண்டும். கான் இல்லாத முற்றத்தில் ஜிப்சம் வீண்.

கடினமான பகுதி கானின் வாயில் இருக்கின்றது. களப்போரம் தட்டையான நிலம். நீரை விடத் தாழ்ந்த இடம் எளிதிற் கிடையாது. வசதியுள்ளவர் கிரவல் கொட்டித் தம் வளவை உயர்த்துகின்றார். அவருடைய முற்றம் காய்ந்துவிடும். அந்த 32 பீப்பாய் நீரும் வேலியைக் கடந்து, உயர்த்த வசதியற்ற அயலவரின் கிணற்றடியில் நிற்கும். இவ்விதம் ஒழுங்கை முழுவதும் ஒவ்வொருவராக உயர்த்திக்கொண்டு போனால், கடைசி வீட்டார் செய்வதென்ன? மழைக்கு முன்னரே அயலவர் கூடி, ஒழுங்கை நெடுகிலும் ஒரே சாய்வாகக் கான் எடுத்துப் பொதுவாய்க்காலிற் சேர்ப்பது ஒவ்வொருவரும் தனித்தனியே கிரவல் ஏற்றுவதிலும் மலிவாகும். பிரதேச சபையிடமும் கூட்டாகக் கேட்கலாம்.

இவ்வளவும் செய்து ஒரு மாரியைக் கண்ட பின்னர், விருப்பமுள்ளவர் செயற்கைப் புல்லை விரிக்கட்டும். அதன்கீழ் நாலங்குலமேனும் சல்லி இறுக்கியிருக்க வேண்டும். புத்தளத்து வெயிலில் அவ்விரிப்பு 60 பாகை வரையும் சூடேறக்கூடும். வெறுங்காலுடன் விளையாடும் பிள்ளைகள் நண்பகலில் அதன்மேற் கால்வைக்க மாட்டார்கள். நீர் வடிந்த முற்றத்திலோ, தை மாதத்துக்குள் அறுகு தானாகவே படர்ந்துவிடுவதும் உண்டு.