எல்லை கடந்த நூலுரிமை



பிறமொழி நூல்களைத் தமிழாக்கி வெளியிட வேண்டும் என்னும் ஆர்வம் நம் சங்கத்தாரிடையே பெருகி வருகின்றது. மகிழத்தக்கதே. ஆயின் நூல் பிறந்த நாட்டின் சட்டம் நம்மைக் கட்டுமா, நாம் வாழும் நாட்டின் சட்டம் கட்டுமா என்று தெரியாமல் பேனாவை எடுத்தலாகாது.

உலகம் முழுமைக்கும் பொதுவான பதிப்புரிமை ஒன்று உண்டு எனப் பலர் எண்ணுகின்றனர். அப்படி ஒன்று இல்லை. ஒவ்வொரு நாட்டின் சட்டமும் அந்நாட்டு எல்லையோடு நின்றுவிடும். 1886-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஏற்பட்ட உடன்படிக்கை, உறுப்பு நாடுகள் தம்மவர் நூலுக்கு அளிக்கும் காவலை ஏனைய உறுப்பு நாட்டார் நூலுக்கும் அளிக்கச் செய்தது. இந்தியா 1928 முதல் அதில் உறுப்பு நாடு. அமெரிக்காவோ நூறாண்டுக்கு மேல் விலகி நின்று 1989-இல்தான் சேர்ந்தது. ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்ஸின் கதைகளை அந்நாட்டுப் பதிப்பாளர் அவர் இசைவின்றி அச்சிட்டுக் குவித்தனர். 1842-இல் அவரே நேரில் சென்று முறையிட்டும் பயனில்லை. பிற்காலத்தில் உலகுக்கெல்லாம் நூலுரிமை போதித்த நாடு அன்று நடந்துகொண்ட அழகு இது!

ஹெமிங்வேயின் கடலும் கிழவனும் கதையை நம்முள் ஒருவர் தமிழாக்க விரும்புவதாகக் கொள்வோம். நூல் வெளிவந்தது 1952. ஆசிரியர் மறைந்தது 1961. நம் சட்டம் ஆசிரியர் மறைந்த ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டுகள் காவல் தருகின்றது. (முன்னர் 50 ஆண்டுகளே, தாகூர் நூல்களின் உரிமை முடியும் தறுவாயில், 1992-இல் பத்தாண்டு கூட்டினர்.) எனவே 2021 இறுதியோடு அக்கதை இந்தியாவில் பொதுவுடைமையாயிற்று. அதைத் தமிழாக்கி இங்கே அச்சிட எவர் இசைவும் வேண்டுவதில்லை. பிரிட்டனில் கணக்கு 70 ஆண்டு. உரிமை 2031 முடிய நீடிக்கும். அமெரிக்காவில் இந்நூலுக்கு வெளியீட்டிலிருந்து 95 ஆண்டு, அதாவது 2047 முடிய. கிழவர் ஒருவரே, கரைதோறும் கணக்கு வேறு!

பிறர் முன்பே செய்த தமிழாக்கத்தை எடுத்தாளுதல் மட்டும் கூடாது. மொழிபெயர்த்தவர்க்குத் தம் ஆக்கத்தின்மீது தனியுரிமை உண்டு. நாம் செய்வதற்கும் அவ்வாறே உண்டு, பதிவு செய்யாவிடினும்.

அமெரிக்காவில் வாழும் நம் தமிழர்க்கு விற்க நூறு படிகள் கப்பலேற்ற நினைத்தால், உரிமையாளரின் எழுத்து மூலமான இசைவை முதலில் பெறுதல் வேண்டும். இல்லையேல் 2048 பிறக்கும்வரை அப்படிகள் நம் சங்க நூலகத்திலேயே இருக்கட்டும்.