சுவாசப்பையின் இரண்டாவது வாய்க்கால்



நூற்றாண்டு விழாவில் மருத்துவம் பற்றிப் பேசும்படி சங்கத்தினர் கேட்டார்கள். வன்னியில் பிறந்தவர்களுக்கு வாய்க்காலைப் பற்றிச் சொல்லித்தரத் தேவையில்லை. ஆகவே உடம்புக்குள் ஓடும் ஒரு சின்ன வாய்க்காலைப் பற்றிப் பேசுவோம்.

நமது சுவாசப்பைக்குக் குருதி இரண்டு வழியால் வருகிறது. பெரிய வழி சுவாசப்பை நாடி. அது ஒட்சிசன் குறைந்த குருதியை இதயத்திலிருந்து கொண்டுவருகிறது. சிறிய வழி, பெருநாடியிலிருந்து பிரியும் மெல்லிய நாடிகள். காற்றுப் போகும் கிளைக்குழாய்களின் சுவருக்கு ஊட்டம் கொடுப்பவை இவைதான்.

சுவாசப்பையை மாற்றும்போது கிளைக்குழாயையும் சுவாசப்பை நாடியையும் தைத்து, நாளங்களை இதயத்தின் இடது சோணையறையோடு பொருத்துகிறோம். அந்தச் சிறிய நாடிகளை வழக்கமாக இணைப்பதில்லை. சிறுநீரகத்தையோ ஈரலையோ மாற்றும்போது அதற்கு ஊட்டம் தரும் நாடியை அப்படி விடுவதில்லை.

இரணைமடுவின் பெரிய வாய்க்கால் ஓடுகிறது. கிளை வாய்க்கால் வெட்டுப்பட்டுவிட்டது என்று வையுங்கள். அதை நம்பிய வயல் பக்கத்து வயலின் கசிவுநீரில்தான் பிழைக்க வேண்டும். புதிய நுண்குழாய்கள் வளரும்வரை, முதற்சில கிழமைகளுக்கு, தைத்த குழாயின் நிலையும் அதுதான்.

1963இல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் ஜேம்ஸ் ஹார்டி முதன்முதலாக மனிதருக்குச் சுவாசப்பை மாற்றினார். நோயாளி 18 நாட்கள் வாழ்ந்தார். அடுத்த இருபது ஆண்டுகளில் முயன்ற பலருக்குத் தைத்த குழாய் ஆறாமல் பிரிந்தது. 1983இல், நம் சகோதரிகள் பலர் இன்று வாழும் ரொறன்ரோவில், பொது வைத்தியசாலையில் ஜோயல் கூப்பரின் குழு ஒரு வழி கண்டது. குடலின்மேல் திரைபோலத் தொங்கும் கொழுப்பு மடிப்பை நெஞ்சுக்குள் கொண்டுவந்து, தைத்த இடத்தைச் சுற்றிப் போர்த்தினார்கள். அதிலுள்ள குருதிக் குழாய்கள் காயத்துக்கு ஊட்டம் கொடுத்தன. அந்த நோயாளி ஆறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்.

1990களில் கோப்பன்ஹேகனில் கொஸ்டா பெற்றர்சனின் குழு, நெஞ்செலும்பின் ஓரமாக உட்புறத்தில் ஓடும் நாடியைத் திருப்பி அந்தச் சிறிய நாடியோடே தைத்தது. குழாய்கள் நன்றாக ஆறின. ஆனால் சத்திரசிகிச்சை நேரம் நீளும். குருதி கசியும் இடமும் கூடும். ஆகவே பெரும்பாலான நிலையங்கள் இதைச் செய்வதில்லை. தானக் குழாயைக் கட்டையாக வெட்டுகிறார்கள். வால் நீண்டால் கசிவுநீர் எட்டாது.

நமக்குக் கிட்டிய சென்னையில், எம்.ஜி.எம். ஹெல்த்கெயரில், கே. ஆர். பாலகிருஷ்ணனின் குழு 2020 ஓகஸ்டில் கொவிட்டால் சிதைந்த இரு சுவாசப்பைகளையும் ஒருவருக்கு மாற்றியது. நாளை நம்மூரவர் ஒருவரும் அப்படிப் புதுச் சுவாசப்பையோடு கிளிநொச்சிக்கோ முல்லைத்தீவுக்கோ வவுனியாவுக்கோ திரும்பலாம்.

அப்போது ஒன்றை மறக்கவேண்டாம். மாதங்கள் கழிந்தும் தைத்த இடம் சுருங்கலாம். புதிதாக மூச்சு இரைந்தால், சளி கூடினால், தொய்வு என்று எண்ணி இன்ஹேலரோடு இருந்துவிடாதீர்கள். மாற்றிய நிலையத்துக்கு அன்றே அறிவியுங்கள். உள்ளே குழாய்க்கமரா விட்டுப் பார்த்து, சுருங்கியதை விரிக்க முடியும். பிந்தினால் கைக்கு வந்த சுவாசப்பையையே இழக்கலாம்.

பெரிய வாய்க்கால் நிறைந்து ஓடுகிறது என்பதற்காகக் கடைசி வயலைப் பார்க்காமல் விடுவோமா?