சொந்தக் கூரை வேண்டும்



நாம் இன்று கூடியிருக்கும் கெலுகோரும் ஒரு காலத்தில் தோட்டமாகவே இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரௌன் குடும்பத்தாருக்கு உரிமையாயிருந்த பெருந்தோட்டம் இது. 1985ஆம் ஆண்டில் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டபோது, அதன் தீவுக் கரை இவ்வட்டாரத்திலேயே அமைந்தது. நிலத்தின் விலை ஏறியது.

அத்தோட்டத்தில் உழைத்தவர்களின் வழித்தோன்றல்கள் மாடு வளர்த்து வாழ்ந்த கம்போங் புவா பாலா, 2009ஆம் ஆண்டில் இடித்து அகற்றப்பட்டது. வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை சென்றும் ஊர் நிலைக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக அவர்கள் அங்கு வாழ்ந்தது உண்மை. ஆனால் நிலப்பட்டா அவர்கள் பெயரில் இல்லை.

நமது லயத்து வீட்டின் நிலையும் இதுவே அன்றோ? 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம் அவ்வீட்டின் தரத்தைக் காக்கிறது. அதனை நமக்கு உடைமையாக்குவதில்லை. வேலை முடியும் நாளில் வீடும் கைவிட்டுப் போகிறது.

“வாங்கும் சம்பளத்தில் வீடு எப்படி வாங்குவது?” என்று நீங்கள் கேட்பது நியாயமே. நெடுங்காலம் நமது ஊதியம் நாட்சம்பளமாகவும், ரப்பர் விலையோடு ஏறி இறங்குவதாகவும் இருந்தது. 2013இல் 900 வெள்ளியாகத் தொடங்கிய குறைந்தபட்சச் சம்பளம், 2025இல் 1,700 வெள்ளியாயிற்று. ஓர் உயர்வுக்கும் அடுத்த உயர்வுக்கும் இடையே ஆண்டுகள் சில கழிகின்றன. கடைச் சாமான்களின் விலை அவ்வாறு காத்திருப்பதில்லை.

வீட்டின் விலை ஆண்டு வருமானத்தைப்போல் மூன்று மடங்கைத் தாண்டலாகாது என்பது பொருளியலார் கணக்கு. ஒருவர் சம்பளத்திற்கு அது 61,200 வெள்ளி. பினாங்கு மாநிலம் வகுத்துள்ள மலிவு விலை வீடு 42,000 வெள்ளி. அதற்கு அடுத்த படி 72,500 வெள்ளி. ஆகவே, இரண்டாம் படி வீடு ஒருவர் உழைப்புக்கு எட்டாது; கணவனும் மனைவியும் சேர்ந்தால் எட்டும்.

முன்பணத்திற்கு வழி என்ன? 1,700 வெள்ளிச் சம்பளத்தில் தொழிலாளியின் பங்கு 187 வெள்ளியும் முதலாளியின் பங்கு 221 வெள்ளியுமாக, மாதம் 408 வெள்ளி ஊழியர் சேமநிதியில் சேர்கிறது. அதில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு, வீட்டிற்காக எடுக்கக்கூடிய இரண்டாம் கணக்கிற்குச் செல்கிறது. இலாப ஈவு நீங்கலாகவே, பத்தாண்டுகளில் அது ஏறத்தாழ 7,300 வெள்ளியாகும். 72,500 வெள்ளி வீட்டின் பத்தில் ஒரு பங்கு 7,250 வெள்ளி! இருவர் சேர்ந்தால் ஐந்தாண்டுகள் போதும். எஞ்சிய கடனுக்கு ஆண்டு வட்டி நூற்றுக்கு நான்கு என்று கொண்டால், முப்பதாண்டுத் தவணை மாதம் 312 வெள்ளி அளவாகும்.

இது எளிதன்று. பிள்ளைகளின் படிப்பும் மருந்துச் செலவும் குறுக்கிடும். ஆயினும் முப்பது வயதில் தொடங்குபவருக்கு முப்பதாண்டுத் தவணை கிடைக்கும். ஐம்பதில் நினைப்பவருக்கு வங்கி அத்தனை ஆண்டு தராது. தவணைக் காலம் குறையக் குறைய, மாதத் தொகை தாங்க முடியாததாகிவிடும்.

எனவே இளந்தம்பதியரே, வீடு திரும்பியதும் இருவரின் சேமநிதி அறிக்கையையும் ஒருங்கே வைத்துப் பாருங்கள். மாநில வீட்டு வசதிப் பட்டியலில் பெயரைப் பதியுங்கள். தோட்டத்தை விட்டு வெளியேறும் நாளில், நம் பெயர் பொறித்த ஒரு கதவு நமக்காகத் திறந்திருக்க வேண்டும். அதற்கான முதல் வேலையை இன்றே தொடங்குவோம்.